ஒட்டாத நோய்க்குப் பேரு ஒட்டுவாரொட்டியாம்!

தமிழ்ல எனக்குப் பிடிச்ச வார்த்தைகள்ல 'ஒட்டுவாரொட்டி'யும் ஒண்ணு. சொல்லும்போதே நாக்குல ஒட்டும். 'தொற்றுநோய்'ங்கிறது சுகாதாரத்துறை நோட்டீஸ் பாஷை, படிச்சிட்டு நகர்ந்துடுவோம். ஆனா ஒரு பாட்டி வந்து "அது ஒட்டுவாரொட்டிடா"ன்னு சொன்னா, கேக்கறவன் தன்னால ரெண்டடி பின்னால போவான். அவ்ளோ சக்தி. அதனாலேயே அந்த வார்த்தையை யார் மேல வீசுறோம்ங்கிறதுல கொஞ்சம் நிதானம் வேணும்ங்கிறது என் கட்சி.

(டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்ல. நடுவுல செல், புரதம்னு கொஞ்சம் உயிரியல் வரும். பத்தாவதோட பயாலஜிக்கு டாட்டா சொன்னவங்களும் படிக்கிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். தூக்கம் வந்தா நான் பொறுப்பில்ல :-))

எலியட்ஸ் பீச்சுல அந்த கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்தைத் தாண்டி வடக்கால நடந்தா ஊரூர் ஒல்காட் குப்பம் வரும். ஒரு பக்கம் பிரம்மஞான சபைத் தோட்டம், ஒரு பக்கம் கடல், இன்னும் போனா அடையாறு முகத்துவாரமும் உடைஞ்ச பாலமும். 2015ல ஆரம்பிச்ச 'குப்பம் விழா'வுக்குக் கச்சேரி கேக்கப் போனவங்களுக்கு வழி தெரிஞ்சிருக்கும். அந்தப் பக்கம் ரோட்டோரமா மீன் விக்கிற ஒரு அக்காகிட்டதான் நாங்க ரொம்ப நாளா வாங்குறது. பேரு வேணாம். சங்கராவா கானாங்கெளுத்தியான்னு தெரியாம முழிக்கிற என்னை மாதிரி ஆளுங்களை ஏமாத்தாத அக்கா, அது போதும்.

அவங்களுக்கு முதல்ல வாயில புண்ணு வந்துச்சு. "சோத்த வாயில வெச்சா நெருப்பா எரியுது தம்பி"ன்னாங்க. சுத்தி இருந்தவங்க எல்லாரும் ஒரே குரல்ல "வயித்துல சூடு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், மெடிக்கல் ஷாப்புல பி காம்ப்ளெக்ஸ். நாலஞ்சு மாசம் இப்படியே ஓடுச்சு. அப்புறம் முதுகுலயும் நெஞ்சுலயும் கொப்புளம். ரெண்டாவது தீர்ப்பு: அக்கி. காவிக்கல்லைக் குழைச்சு அக்கி எழுதியாச்சு. ஒரு கிளினிக்குல ஆன்டிபயாடிக், இன்னொண்ணுல ஏதோ ஒரு களிம்பு. கொப்புளம் உடைஞ்சு தோல் உரிஞ்சு, புடவை பட்டாலே துடிக்கிற நிலைமைக்கு வந்தப்பதான் மூணாவது தீர்ப்பு வந்துச்சு: ஒட்டுவாரொட்டி. கூடவே கடை போட்டவங்க கொஞ்சம் தள்ளிப் போட்டாங்க. வாடிக்கைக்காரங்க வண்டியை நிறுத்தாமப் போனாங்க. மீன் கையால தொட்டுக் கொடுக்கிற சரக்காச்சே, கேக்கணுமா.

கடைசியில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில தோல்ல ஒரு துணுக்கு எடுத்து டெஸ்ட் பண்ணிச் சொன்ன பேரு, பெம்பிகஸ் வல்காரிஸ்.

அந்தப் பேரை வச்சுக்கிட்டு நான் ராத்திரி உக்காந்து படிச்சப்ப சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. ஏன்னா இந்த நோயோட சாரமே, தோலோட செல்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமப் போயிடுறதுதான்! ஆளுக்கு ஆள் பரவாது. தொட்டாலும் வராது, அவங்க நறுக்கின மீனைத் தின்னாலும் வராது. உலகத்துலயே 'ஒட்டாமை'க்குப் பெரிய உதாரணம் தேடினா இதைத்தான் சொல்லணும். அதுக்குப் போயி ஒட்டுவாரொட்டின்னு பேரு.

சரி, மேட்டருக்கு வருவோம். செல்கள் எப்படி ஒட்டுது, ஏன் சில சமயம் ஒட்டமாட்டேங்குது?

பள்ளிக்கூடப் படத்துல தோல் செல்களைச் செங்கல் மாதிரி அடுக்கி வரைஞ்சிருப்பாங்க. நாமளும் செங்கல்னா நடுவுல சிமெண்ட் இருக்கும்னு நினைச்சுக்குவோம். தமிழ்ல எழுதுற அறிவியல் கட்டுரைகள்லயும் 'பசை போல ஒட்டி'ன்னுதான் பெரும்பாலும் வரும். எனக்கு இந்தப் பசை உவமை மேலதான் கோபம். பசைன்னா ஒருதடவை தடவினா முடிஞ்சது, காய்ஞ்சுடும், வேணும்ங்கிறப்ப கழட்ட முடியாது. உடம்பு அப்படி இருந்தா ஒரு சின்னக் காயம்கூட ஆறாது. காயத்தோட ஓரத்துல இருக்கிற செல்கள் பக்கத்து செல்லோட பிடியைத் தளர்த்திட்டு நகர்ந்து வந்துதான் ஓட்டையை அடைக்கணும். காயமே இல்லாட்டியும், அடித்தட்டுல பிறந்த தோல் செல் மேல ஏறி வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். போற வழியெல்லாம் பழைய பிடியை விட்டுப் புதுப்பிடி போட்டுக்கிட்டேதான் போகணும்.

இதுக்கு உவமை குப்பத்துலயே இருக்கு. கட்டுமரம். ஃபைபர் படகு வந்தப்புறம் கட்டுமரம் ரொம்பக் குறைஞ்சு போச்சு, ஆனா அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டா சொல்வாங்க. கடலுக்குப் போயிட்டு வந்ததும் கயித்தை அவிழ்த்து, மரங்களைப் பிரிச்சு மணல்ல காயப் போடுவாங்க. மறுபடி போகும்போது மறுபடி கட்டுவாங்க. ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது, வெறும் கட்டு. அவிழ்க்க முடியும்ங்கிறதுதான் அதோட சௌகரியமே.

தோல் செல்களை இறுக்கிப் பிடிக்கிற அமைப்புக்கு டெஸ்மோசோம்னு பேரு. கிரேக்கத்துல டெஸ்மோஸ்னா 'கட்டு'தான். (பேரு வச்சவருக்குக் கட்டுமரம் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல, ஆனாலும் பொருத்தம் பாருங்க.) இந்தக் கட்டுல வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற கொக்கிதான் டெஸ்மோக்ளீன்ங்கிற புரதம். இந்த செல்லோட கொக்கியும் அந்த செல்லோட கொக்கிகளும் நடுவுல கோத்துக்கும். கொக்கியோட வால் செல்லுக்குள்ள இருக்கும். அது பிளாக்கோகுளோபின், டெஸ்மோபிளாக்கின்னு சில இடைத்தரகர்கள் வழியா கெரட்டின் இழைகளோட கட்டப்பட்டிருக்கும். அதாவது செல்லோட எலும்புக்கூட்டோடயே இணைப்பு. அதனாலதான் நம்ம தோலை இழுத்தா, கிள்ளினா, மூட்டை தூக்கினா பிஞ்சு வர்றதில்ல.

டெஸ்மோக்ளீன் கேட்ஹெரின்ங்கிற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. கால்சியம் இருந்தாத்தான் பிடிக்கும். கால்சியத்தை எடுத்துட்டா விட்டுடும். ஜப்பான்ல டகெய்ச்சி மசடோஷிங்கிறவர்தான் 1980கள்ல இந்தக் குடும்பத்தை அடையாளம் கண்டு பேரு வச்சவர்.

அடுத்த கேள்வி. பிடியைத் தளர்த்தணும்னா செல் என்ன பண்ணும்? கொக்கியை வெட்டலாம், வளைக்கலாம். ஆனா அது அதிகமாப் பண்ற வேலை இன்னும் எளிமையானது: கொக்கியையே உள்ள இழுத்துக்கும்! மேல் சவ்வுல கொக்கி இருக்கிற இடம் குழிஞ்சு, பை மாதிரி ஆகி, வாய் மூடி, உள்ள கழண்டு வந்துடும். ஆங்கிலத்துல எண்டோசைட்டோசிஸ். நான் இங்க 'உள்வாங்கல்'னு சொல்றேன். (2004 சுனாமிக்கப்புறம் கடற்கரை ஊர்கள்ல கடல் உள்வாங்குச்சுன்னாலே ஓட்டம்தான், தெரியும். இது அந்த ரகம் இல்ல. ஒவ்வொரு செல்லும் நிமிஷத்துக்கு நிமிஷம் பண்ற வேலை.)

இந்த உள்வாங்கலை முதல்ல தெளிவாப் பார்த்தது எதுலன்னு நினைக்கிறீங்க? கொசுவுல! 1964ல ராத், போர்ட்டர்னு ரெண்டு பேரு, நம்ம ஏடிஸ் ஈஜிப்டி இருக்கே, டெங்கு புகழ், அதோட முட்டை செல் மஞ்சள்கருப் புரதத்தை எப்படி உள்ள இழுக்குதுன்னு எலக்ட்ரான் நுண்ணோக்கியில பார்த்து, சவ்வுல சொரசொரப்பான குழிகளைக் கண்டாங்க. அந்தக் குழிக்கு மேல கூடு மாதிரி உக்காந்திருக்கிற புரதம் கிளாத்ரின்னு 1970கள்ல பார்பரா பியர்ஸ் கண்டுபிடிச்சார். படத்துல பார்த்தா கால்பந்துத் தையல் மாதிரியே இருக்கும். கொலஸ்ட்ராலைப் பிடிக்கிற ஏற்பிகளும் இதே குழி வழியாத்தான் உள்ள போகுதுன்னு காட்டின பிரௌனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985ல நோபல் கிடைச்சுது.

உள்ள போன கொக்கிக்கு ரெண்டு விதி. ஒண்ணு, திரும்ப மேல வரலாம். இல்லாட்டி லைசோசோம்ங்கிற குப்பைத் தொட்டிக்குப் போய்ச் செரிக்கப்படலாம். மேல எவ்ளோ கொக்கி இருக்குங்கிறது இந்த வரவு செலவைப் பொறுத்தது. நம்ம பாஷையில சொன்னா கனெக்‌ஷன் பூல் மாதிரி. வேலை முடிஞ்ச கனெக்‌ஷன் பூலுக்குத் திரும்பலாம், இல்ல ஒரேயடியா மூடப்படலாம். மூடுற வேகம் திறக்குற வேகத்தை மிஞ்சினா சர்வர் படுத்துடும்.

மூடுறது கண்டபடி நடக்காம இருக்கக் காவலும் உண்டு. ஈ-கேட்ஹெரின்னு டெஸ்மோக்ளீனோட உறவுக்காரக் கொக்கி ஒண்ணு இருக்கு. அதோட வால்ல 'என்னை உள்ள இழு'ன்னு ஒரு குறி இருக்கும். பி120 கேட்டனின்ங்கிற புரதம் சரியா அந்தக் குறி மேலயே உக்காந்து மறைச்சுக்கும். அது எழுந்து போனா குறி வெளிய தெரியும், கொக்கி உள்ள போயிடும். 2002ல கண்டுபிடிச்ச இன்னொரு புரதம் ஈ-கேட்ஹெரினுக்கு 'அழிக்கவும்' முத்திரை குத்தி உள்ள அனுப்பும். அதுக்கு வச்ச பேரு ஹகாய், ஜப்பானிய மொழியில 'அழிவு'. விஞ்ஞானிகளுக்கும் நாடகத்தனம் உண்டு போல. புற்றுநோய் செல்கள் கூட்டத்தை விட்டுக் கழண்டு வேற உறுப்புக்குக் கிளம்புறதுக்கு இந்த மாதிரி கொக்கி குறையுறதும் ஒரு காரணம். 1954ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்ச கேன்சர் இன்ஸ்டிட்யூட் இதே அடையாறுலதான் இருக்கு. அங்க வர்ற கட்டிகள்ல 'பரவிடுச்சு'ங்கிற வார்த்தைக்குப் பின்னாடி இந்தக் கட்டவிழ்ப்பும் இருக்கும். அது தனிப் பதிவுக்கான விஷயம்.

நகர்ற செல்லுக்கு உள்வாங்கல் இன்னும் அழகா உதவும். கரையில படகை உருளைக் கட்டை போட்டுத் தள்ளுறதைப் பார்த்திருப்பீங்க. பின்னால கழண்டு வர்ற கட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடி முன்னால போடுவாங்க. நகர்ற செல்லும் தரையைப் பிடிக்கிற இன்டெக்ரின்ங்கிற கொக்கிகளை உள்ள இழுத்து, செல்லுக்குள்ளயே சுமந்துக்கிட்டுப் போயி வேணும்ங்கிற இடத்துல திரும்ப நட்டுக்கும். சில கொக்கி சில நிமிஷத்துல திரும்பிடும், சிலது அரைமணி எடுத்துக்கும்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்னு நினைக்க வேணாம். பெங்களூரு என்.சி.பி.எஸ்.ல சத்யஜித் மேயர் குழு, கிளாத்ரின் இல்லாமலே நடக்கிற இன்னொரு உள்வாங்கல் பாதையை 2002ல விவரிச்சாங்க. 2018ல அதே இடத்துலேர்ந்து வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். இழுத்துப் பிடிச்ச செல்லைத் தளர விட்டா அதோட சவ்வு தொய்யும். உடனே இந்தப் பாதை வேகமெடுத்து தொய்வை உள்ள சுருட்டிக்கும். இந்தக் கட்டுப்பாட்டுக்கு வின்குலின் வேணுமாம். வின்குலின் யாருன்னா, செல் தரையில பிடிச்சிருக்கிற இடத்துல வேலை பார்க்கிற புரதம். பிடிக்கிற துறையும் விழுங்குற துறையும் ஒரே ஆபீஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட்டு.

இப்ப அக்காவோட நோய்க்கு வருவோம்.

பெம்பிகஸ்ல, ரத்தத்துல இருக்கிற நோய் எதிர்ப்புப் படை நம்ம டெஸ்மோக்ளீனையே எதிரின்னு நினைச்சு அதுக்கு எதிரா ஆன்டிபாடி தயாரிக்கும். ஆன்டிவைரஸ் சாஃப்ட்வேர் ஒருநாள் காலையில விண்டோஸோட சொந்த ஃபைலையே வைரஸ்னு பிடிச்சு க்வாரன்டீன்ல போடுமே, அதே கதை. இப்படி ஆன்டிபாடி இருக்குன்னு 1964ல பியூட்னரும் ஜோர்டனும் சொன்னாங்க. அது பிடிக்கிற ஆள் ஒரு கேட்ஹெரின்தான்னு 1991ல அமகாய், ஸ்டான்லி குழு காட்டுச்சு. அதுதான் டெஸ்மோக்ளீன் 3.

ஆன்டிபாடி வந்து ஒட்டினா என்ன ஆகும்? நேரடியான பதில், கொக்கிக்கு நடுவுல குச்சி சொருகின மாதிரி கோத்துக்க விடாமத் தடுக்கும்ங்கிறது. அது நடக்கத்தான் செய்யுது. ஆனா அதோட கதை முடியல. ஆன்டிபாடிகள் கொக்கிகளைக் கும்பல் கும்பலாச் சேர்த்துக் கட்டும். செல்லுக்குள்ள சிக்னல் போகும். செல் அந்தக் கும்பலை அப்படியே உள்வாங்கி லைசோசோமுக்கு அனுப்பிடும். ஆன்டிபாடி பட்டதும் டெஸ்மோக்ளீன் உள்ள போறதும் டெஸ்மோசோம் கட்டு குலையுறதும் கைகோத்து நடக்குதுன்னு 2006ல அமெரிக்காவுல எமரி பல்கலைக்கழகத்துல கோவால்சிக் குழு காட்டுச்சு. தடுப்பு பெருசா, உள்வாங்கல் பெருசாங்கிற பஞ்சாயத்து இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கு. ரெண்டும் சேர்ந்துதான்னு இப்ப நிறைய பேரு சொல்றாங்க.

எனக்கு இதுல மனசைத் தொட்ட விஷயம், இந்தச் செல்கள் கெட்டுப்போன செல்கள் கிடையாது. காயம் ஆற, தோல் புதுப்பிக்க, தினமும் நல்லதுக்குப் பண்ற அதே வேலையைத்தான் பண்ணுது. தப்பான உத்தரவுக்கு நேர்மையாக் கீழ்ப்படியுது, அவ்ளோதான்.

கட்டு அவிழ்ந்த செல்களுக்கு நடுவுல நீர் கோத்துக்கும். அதுதான் கொப்புளம். மேல் செல்கள் பிரிஞ்சு போயிடும், ஆனா அடித்தட்டு செல்கள் மட்டும் தரையை விடாது. ஏன்னா தரையைப் பிடிக்கிற கொக்கி இன்டெக்ரின் வகை, ஆன்டிபாடி அதைத் தொடல. வாயில ஏன் முதல்ல வருதுங்கிறதுக்கும் விளக்கம் இருக்கு. தோல்ல டெஸ்மோக்ளீன் 1, 3ன்னு ரெண்டு காவலாளி. 3 போனாலும் 1 சமாளிக்கும். வாயோட உள்தோல்ல பெரும்பாலும் 3தான். அது போனா வாய் போச்சு. அப்புறம் 1க்கு எதிராவும் ஆன்டிபாடி வந்தா உடம்பெல்லாம் கொப்புளம். அக்காவோட 'வயித்துச் சூடு' மாசங்கள் எதுன்னு புரியுதா? மூணு விதமா பேரு மாத்தின நோய் மூணு இல்ல, ஒண்ணேதான்.

இன்னொரு விஷயம். இந்த நோயை உறுதிப்படுத்துற டெஸ்ட்ல தோல் துணுக்குல இருக்கிற ஆன்டிபாடியைப் பச்சையா ஒளிர வைப்பாங்க. ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் பச்சைக் கோடு, நடுவுல கறுப்பு ஓட்டை. டாக்டர்கள் புத்தகத்துல அந்தத் தோற்றத்துக்கு எழுதியிருக்கிற வர்ணனை என்ன தெரியுமா? 'மீன்வலை'. நான் ஜோடிக்கல சாமி, உலகம் பூரா அப்படித்தான் சொல்றாங்க.

இப்ப என் கருத்து. (இதுக்குத்தானே இவ்ளோ இழுவை.)

'பயப்படாதீங்க, இது ஒட்டாது'ன்னு சொன்னா போதும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. போர்டு வைக்கலாம், நோட்டீஸ் அடிக்கலாம்னு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. கண்ணு முன்னாடி தோல் உரிஞ்சு நீர் வடியுது. நீ வந்து ஒட்டாதுங்கிற. நான் ஏன் நம்பணும்? அம்மைக் கொப்புளம் ஒட்டுமே, இது ஏன் ஒட்டாது? நியாயமான கேள்விதான். சந்தேகப்படுறவனை 'படிக்காதவன்'னு திட்டுறது சோம்பேறித்தனம். படிச்சவங்கதான் வண்டியை நிறுத்தாமப் போனாங்க, பெசன்ட் நகர் அடுக்குமாடிக்காரங்க.

எப்படி நடக்குதுன்னு சொல்லணும். நான் அங்க ஒரு டீக்கடையில சொல்லிப் பார்த்தேன். டெஸ்மோக்ளீன், லைசோசோம் எல்லாம் கிடையாது. "தோல்ல ஒவ்வொரு கண்ணியையும் பக்கத்துக் கண்ணியோட ஒரு முடிச்சு பிடிச்சிருக்கு. இவங்க ரத்தமே தப்பா உத்தரவு போட்டு, முடிச்சை உள்ள இழுத்துக்கச் சொல்லுது. அந்த உத்தரவு இவங்க ரத்தத்துல மட்டும்தான் இருக்கு. வெளிய வர்ற நீர்ல கிருமி கிடையாது." வலை பின்னிக்கிட்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "அப்ப முடிச்சு அவுந்துக்கிச்சுன்ற. அது எப்டிபா என் கைக்கு வரும்"னார். ஒரு வரியில முடிச்சுட்டார் மனுஷன். நான் இத்தனை பாரா எழுதிக்கிட்டிருக்கேன்.

ஊருல எல்லாரும் மாறிட்டாங்கன்னு சொல்ல வரல. ஒருத்தர் புரிஞ்சுக்கிட்டா அவரு இன்னொருத்தருக்கு அவர் பாஷையில சொல்வாரு, 'டாக்டர் சொன்னாரு'ங்கிறதுக்கு அந்த வாய்ப்பு இல்ல, அவ்ளோதான் நான் சொல்றது.

மறுபக்கமும் சொல்லணும். எல்லாக் கொப்புளமும் ஒட்டாதுன்னு யாராச்சும் எடுத்துக்கிட்டா ஆபத்து. அம்மை ஒட்டும். குழந்தைகளுக்கு வர்ற ஒரு வகைக் கொப்புளச் சிரங்கு ஒட்டும். இதுல ஒரு வேடிக்கை, அந்தச் சிரங்குல ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா விடுற நஞ்சு வெட்டுறது இதே டெஸ்மோக்ளீன் 1 கொக்கியைத்தான். முடிச்சு ஒண்ணேதான், ஒரு இடத்துல அதைக் கத்தரிக்கிறது வெளிக்கிருமி, இன்னொரு இடத்துல அவிழ்க்கச் சொல்றது சொந்த ரத்தம். அதனால எது எதுன்னு தோல் டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். ஆறாத வாய்ப்புண் மாசக்கணக்குல இருந்தா கீரையோட நிறுத்தாதீங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல தோல் பிரிவு இருக்கு.

சீக்கிரம் கண்டுபிடிக்கிறது சும்மா இல்ல. 1950கள்ல ஸ்டீராய்டு வர்றதுக்கு முன்னாடி இந்த நோய் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க சில வருஷத்துல செத்துப் போனாங்க. உரிஞ்ச தோல் வழியா நீர் போகும், கிருமி நுழையும். இந்தியாவோட பங்கு இங்க பெருசு. டெல்லி எய்ம்ஸ்ல ஜே.எஸ். பஸ்ரீச்சா 1980கள்ல கொண்டுவந்த 'பல்ஸ்' முறை: டெக்ஸாமெத்தசோன் 100 மில்லிகிராம் டிரிப்ஸ்ல மூணு நாள், அதுல ஒருநாள் கூடவே சைக்ளோபாஸ்பமைடு, 28 நாளைக்கு ஒருதடவை இப்படி. நாடு பூரா பல வருஷம் இதுதான் பேச்சு. பக்கவிளைவு உண்டு, குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம்ங்கிறது உட்பட. இப்ப ரிடுக்ஸிமாப் வந்திருக்கு. ஆன்டிபாடி தயாரிக்கப் போற பி செல்களையே ஒழிச்சுடும். அமெரிக்காவுல இந்த நோய்க்கு 2018ல அனுமதி கிடைச்சுது. நம்ம ஊர்ல டாக்டர் ரெட்டீஸ் 2007லயே அந்த மருந்தோட உள்நாட்டு வடிவத்தைப் புற்றுநோய்க்காக இறக்கினதால விலை வெளிநாட்டு அளவுக்கு இல்ல. ஆனாலும் மீன்கூடை வருமானத்துக்கு அது சின்னக் காசு கிடையாது.

கவனிச்சீங்கன்னா இந்த மருந்துகள் எல்லாமே உத்தரவு போடுறவனை அடிக்குது. செல்லுக்குள்ள போயி 'கொக்கியை விழுங்காத'ன்னு தடுக்கிற மருந்து இன்னும் கைக்கு வரல. உள்வாங்கலைப் பத்தின இந்த அடிப்படை ஆராய்ச்சி எல்லாம் எதுக்கு, கொசு முட்டையை நோண்டி என்ன கிடைக்கப் போகுதுன்னு கேக்கறவங்களுக்கு என் பதில் அதுதான். மொத்த எதிர்ப்புச் சக்தியையும் அமுக்காம, கொக்கியை மட்டும் காப்பாத்த வழி வேணும்னா கொக்கி எந்தக் கதவு வழியா உள்ள போகுதுன்னு தெரிஞ்சாகணும்.

அப்புறம் அந்த ஊர்ப் பேரு. ஒல்காட்டுன்னா ஹென்றி ஸ்டீல் ஒல்காட். 1882ல பிரம்மஞான சபைத் தலைமையகத்தை அடையாறுக்குக் கொண்டுவந்தவர். 1894ல அவர் இங்க ஒரு இலவசப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சார், 'தொட்டா தீட்டு'ன்னு மத்த பள்ளிகள் வாசல்ல நிறுத்தின குழந்தைகளுக்காக. அந்தப் பேரைத் தாங்கின குப்பத்துல, 'தொட்டா ஒட்டும்'னு ஒரு பொம்பளை கையால மீன் வாங்க யோசிக்கிறாங்க. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சமன்பாடு போடல. ஆனா அந்த ரோட்டுல நடக்கும்போது எனக்கு அந்த ஞாபகம் வராம இருந்ததில்ல.

அக்கா மருந்துல இருக்காங்க. உடம்புப் புண்ணு ஆறிடுச்சு, வாய் இன்னும் முழுசா ஆறல. இந்த நோய்ல ஆபத்தான கட்டம் இதுதானாம். ஆறிடுச்சேன்னு மாத்திரையைத் தானா நிறுத்திட்டு, ஆன்டிபாடி திரும்ப வந்து நிக்கிறவங்க நிறைய. ஸ்டீராய்டை திடீர்னு நிறுத்துறது தனி ஆபத்து. அதனால நான் மீன் வாங்கப் போகும்போதெல்லாம் ஒரு நச்சரிப்பு: "மாத்திரை போட்டீங்களாக்கா?" "போட்டேன் தம்பி, நீ மொதல்ல வஞ்சிரத்துக்குக் காசக் குடு."

பி.கு: பெம்பிகஸுக்கு நல்ல தமிழ்ப் பேரு ஒண்ணு வேணும். கிரேக்க மூலத்துல அதுக்குக் கொப்புளம்னுதான் அர்த்தம், அது ஒண்ணும் சொல்லல. எனக்குத் தோணினது 'கட்டவிழ் கொப்புளம்'. உங்க ஊர்ப்பக்கம் ஏற்கெனவே ஏதாச்சும் வழக்குப் பேரு இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அம்மை, அக்கி ரெண்டும் வேணாம், அந்த சீட்டுல ஏற்கெனவே ஆள் இருக்கு :-)